தனிஸ்லாஸ் சாரின் குரல்

கடைசி குவார்ட்டருக்கான விசில் ஊதியபோது பொற்கொடியின் வாயில் பனங்கற்கண்டு பாதி கரைந்திருந்தது. தனிஸ்லாஸ் சாரின் தொண்டைக்கென்று அவர் மனைவி அமலோற்பவம் டீச்சர் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டது அது. சார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று குவார்ட்டராகக் கத்திக்கொண்டிருப்பவள் இவள்தான் என்பதால் இவளே ஒவ்வொன்றாக வாயில் போட்டு டப்பாவைப் பாதியாக்கியிருந்தாள். தொண்டை எரிந்தது, ஆனால் நல்ல எரிச்சல், வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பெருக்கித் துடைத்த அன்று இரண்டு கையும் வலிக்குமே அந்த மாதிரி. ஆறு புள்ளி பின்னால் இருக்கிறோம், பரவாயில்லை, ஆறு என்பது பெரிய தூரமில்லை, எதிரே நீலச் சட்டை போட்ட கோயம்புத்தூர்ப் பெண்களும் மூச்சு வாங்கத்தான் செய்கிறார்கள். விருதுநகரின் சாயங்கால வெயில் சிமெண்ட் தரையிலிருந்து ஷூவைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கு ஏறியது, காற்று திரும்பும்போதெல்லாம் ஏதோ மண்டியிலிருந்து மிளகாய் நெடி வந்து மூக்கை அரித்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சார். தலைமைப் பயிற்சியாளர், ஒருகாலத்தில் அவளுக்கே கூடைப்பந்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்தும் அந்த மகளிர் கல்லூரியின் மைதானத்தில் முப்பது வருடம் கத்திக் கத்தியே தொண்டைக்குள் ஒரு கட்டியை வளர்த்துக்கொண்டவர். போன வாரம் மதுரையில் அதை எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு சொல் பேசக் கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் வேன் கிளம்பும்போது டீச்சர் ஜன்னலோரம் வந்து நின்று, "கொடி, அவரு வாயத் தொறந்தார்னா ஒடனே எனக்கு ஒரு போன் போடு. சங்கடப்படாத, நான் பேசிக்கிறேன்" என்றார். சார் அதைக் கேட்காதவர் மாதிரி எதிர்ப்பக்கத்துச் சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே இன்று சார் கையால் காட்டுவது, பொற்கொடி வாயால் சொல்வது என்று ஏற்பாடு. விரலில் கிடக்கும் மோதிரத்தால் நாற்காலியின் கையைத் தட்டுவார், டக் டக், அவள் திரும்புவாள். உள்ளங்கையை விரித்து வட்டமடித்தால் இடத்தைக் காக்கும் ஜோன், விரல்களை மடக்கி முஷ்டியானால் ஆளைக் காக்கும் மேன், புருவத்தைத் தூக்கினால் யாரோ ஆட்டத்தில் தூங்குகிறாள், பல்லைக் கடித்தால் தூங்குவது ஜெனிட்டா. இப்போது உள்ளங்கை விரிந்து வட்டமடித்தது. "ஜோன்" என்று அவள் கத்தினாள், உள்ளே ஐந்து பெண்களும் அவரவர் இடத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

தன் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு இன்றுதான் தெரியும், எதிர்ப்பக்க கேலரியில் மோதித் திரும்பி வருகிறது, அந்தக் கேலரியின் முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிஸ்டர் எவாஞ்சலின் உட்கார்ந்திருக்கிறார், கல்லூரிச் செயலர், எந்தப் போட்டிக்கும் வராதவர், இன்று தனிக் காரில் வந்திருக்கிறார். எதற்கு வந்திருக்கிறார் என்பது பொற்கொடிக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் அக்காவுக்குக்கூடத் தெரியும். மே மாதத்தோடு சார் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலிக்கு வெளியூரிலிருந்து பட்டியாலாவில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்த ஓர் ஆளைக் கொண்டுவரலாமா, இருக்கிற துணைப் பயிற்சியாளரையே உட்கார வைக்கலாமா என்று நிர்வாகத்தில் பேச்சு. இருக்கிற துணை. துணை என்ற சொல்லை அவள் பதினோரு வருடமாக நாக்கில் புரட்டிப் பார்த்திருக்கிறாள். துணை நடிகை, துணை மின்நிலையம், வழித்துணைக்கு ஒரு ஆள். கல்யாண வீடுகளில் மாமியார் அவளை "மருமக காலேஜ்ல பாஸ்கெட்பால் டீச்சரு" என்று சொல்லி முடித்துவிடுவார், துணையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது. கணவன் இளஞ்செழியனுக்கு எல்லாமே வேடிக்கை, குவார்ட்டர் என்று இவள் சொன்னாலே சிரிப்பான், "சார் சொன்னா சரிங்கிறதுக்கு ஒரு சம்பளம், குடுத்து வச்சவடி நீ" என்பான், சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வருவான். ஒருமுறை தங்கை மகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும்போதுதான் அவளுக்கு அது பட்டது, துணைக்கால், க பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டால் கா. தனியாக எழுதினால் அதற்கு ஓசை கிடையாது, வெறும் கோடு, முன்னால் நிற்கும் எழுத்தை மட்டும் நீட்டிவிடும். அன்றைக்கு அவள் சிரித்தாள், சிறுமி ஏன் பெரியம்மா என்றாள். பதினோரு வருடத்தில் சாரை எவ்வளவோ நீட்டியிருக்கிறாள். அவர் அரைத் தூக்கத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு பயிற்சியாக்கி, விடிகாலையில் பெண்களை நிறுத்தி, அதை அவர்கள் கால்களுக்குள் இறக்கியிருக்கிறாள். அவர் "உனக்கெல்லாம் எதுக்குடி பந்து" என்று ஒருத்தியைக் கிழித்த பிறகு, இவள்தான் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், அழுகிறவளிடம், சார் சொன்னதுக்கு அர்த்தம் என்னன்னா இடது கைய இன்னும் கொஞ்சம் ஒசத்தணும், அவ்வளவுதான் என்று சொல்வாள். அதுதான் அவள் வேலை, கோபத்தை எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் கொடுப்பது. கெட்ட வேலை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. முந்திய வேலை ஒரு மெட்ரிக் பள்ளியில், காலை அசெம்பிளியில் வரிசை வளையாமல் பார்ப்பதும் தலைமுடி வெட்டாத பையன்களைப் பிடித்துக் கொடுப்பதும், மூன்று வருடம் ஒரு பந்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அப்போது சார் போன் செய்து, "வர்றியா, தொணைக்கு ஒரு ஆளு வேணும்" என்றார். மறுநாளே போய்விட்டாள். ஹா, விட்டுவிட்டார்கள் பார், மூலையை ஆளில்லாமல் விட்டுவிட்டார்கள்.

மூலையில் கோயம்புத்தூரின் ஒன்பதாம் எண். ஒல்லியான பெண், முழங்காலுக்குக் கீழே கட்டு, யாரும் பக்கத்தில் இல்லை, நிதானமாகப் பந்தை வாங்கி, நிதானமாகக் குதித்து, கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டாள், வலையில் சத்தம்கூட இல்லாமல் இறங்கியது, மூன்று. இடைவெளி ஒன்பது ஆயிற்று. நம்முடைய பக்கம் ஜெனிட்டா ஓடிப்போய் இரண்டு போட்டாள், ஏழு, திரும்பி வந்தால் மறுபடி அதே மூலை, அதே கட்டுக் கால், அதே நிதானம், வலை. பத்து. இப்போது பத்து புள்ளி. பொற்கொடிக்கு அந்த மூலை வெளிச்சம் போட்டது போலத் தெரிந்தது. ஜோன் என்றால் ஒவ்வொருத்தியும் ஓர் இடத்தைக் காப்பது, யார் அந்த இடத்துக்குள் வந்தாலும் அவளை மறிப்பது. மேன் என்றால் ஒவ்வொருத்தியும் ஓர் ஆளைக் காப்பது, அந்த ஆள் எங்கே போனாலும் நிழல் மாதிரி பின்னால் போவது. ஜோனில் மூலை எப்போதும் கொஞ்சம் அநாதைதான், எல்லாப் பயிற்சியாளருக்கும் தெரியும், சாருக்குத் தெரியாதா. தெரியும், தெரிந்துதான் உள்ளங்கையை விரிக்கிறார், ஏனென்றால் ரஹ்மத் நிஷா. நம்மிடம் இருக்கிற ஒரே உயரமான பெண், நாலு ஃபவுல் ஆகிவிட்டது, ஐந்தாவது வந்தால் வெளியே. ஜோனில் நின்றால் அவள் கூடைக்கு அடியிலேயே நிற்கலாம், யாரையும் துரத்த வேண்டாம், ஃபவுல் வராது. மேனில் விட்டால் அந்தப் பெரிய உடம்புக்காரி, கோயம்புத்தூரின் பதினான்காம் எண், இவளை இழுத்துக்கொண்டு மைதானம் முழுக்கப் போவாள். நாலு ஃபவுல் ஆனவளைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும் என்பது சாருக்கு வேதம். பொற்கொடியையும் அப்படி வைத்தார். இறுதி வருடம், இதே போல ஒரு மண்டல இறுதி, நாலாவது ஃபவுல் விழுந்ததும் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டார், வந்து உட்கார்ந்தாள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கடைசி குவார்ட்டர் முழுவதும் உட்கார்ந்திருந்தாள், இதோ இப்ப கூப்பிடுவார், இதோ இப்ப. கூப்பிடவில்லை. அவள் இல்லாமலே ஜெயித்தார்கள். தோற்றிருந்தால் மன்னித்திருப்பாள். ஜெயித்துவிட்டார்கள், எல்லாரும் ஓடிப்போய் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள், அவளும் ஓடிப்போய் விழுந்தாள், வேர்க்காத சட்டையோடு. போட்டோவில் அவள் தலைமுடி மட்டும் கலையாமல் இருக்கும். அதற்காகத்தான் இப்போது மேன் கேட்கிறாளோ, பழைய கணக்கு. இல்லை. அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் மூலை மூலையாகவே இருக்கிறது, ஒன்பதாம் எண் ஒன்பதாம் எண்ணாகவே இருக்கிறாள். நிஷாவை அவளுக்குத் தெரியும். சாருக்கு அந்தப் பெண்ணின் உயரம் தெரியும், பொற்கொடிக்கு அவள் பாதம் தெரியும், எட்டு மாதம் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாதத்தால் மட்டும் ஆளை மறிக்கப் பழக்கியிருக்கிறாள். கையை நீட்டாதே, கைதான் ஃபவுல், பாதம் ஃபவுல் ஆகாது. நிஷா தாக்குப் பிடிப்பாள். பிடிக்காமல் போகவும் செய்யலாம். போகலாம், ஆனால் ஜோனில் நிச்சயமாகச் செத்தோம்.

பந்து வெளியே போய், விசில் ஊதி, ஒரு சிறு இடைவெளி. டக் டக். திரும்பினாள். சார் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், அழுத்தமாக, வட்டம் பெரிதாக, இன்னும் பரந்து நில்லுங்கள் என்று அர்த்தம். அவள் அதைப் பார்த்தாள், தெளிவாகப் பார்த்தாள், பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பி, "மேன்! ஆளப் புடிங்க! ஜெனி, நைன் உன்னுது, விடாத!" என்று கத்தினாள். சொல் வாயை விட்டுப் போன பிறகுதான், மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் காலை வைத்த மாதிரி இருந்தது. பெண்கள் ஒரு கணம் அசையவில்லை. ஜெனிட்டா கேப்டன், கெட்டிக்காரி, அவளுக்குச் சாரின் கையும் தெரிகிறது, மேடத்தின் குரலும் கேட்கிறது, இரண்டும் வேறாக இருக்கிறது, முகத்தில் அந்தக் குழப்பம் அப்படியே தெரிந்தது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. சார் எழுந்துவிட்டார். பொற்கொடி திரும்பவில்லை, அவர் எழுந்தது முதுகில் தெரிந்தது, அந்த உயரம், கொஞ்சம் கற்பூரத் தைலமும் கொஞ்சம் வேர்வையுமாக அந்த மணம், பதினோரு வருடமாக அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்ற மணம் இப்போது பின்னால் நின்றது. வாயைத் திறக்கப் போகிறாரோ. திறந்தால் ஒரு சொல் போதும், பெண்கள் அவர் சொல்லைத்தான் கேட்பார்கள், கேட்க வேண்டியதும் அதுதான், அவர் அணி. தொண்டை கிழிந்தாலும் கத்துகிற மனுஷன்தான். அந்த நேரம் பார்த்து நடுவர் அந்தப் பக்கமாக ஓடிவந்தார், இளம் வயது, சேலத்துப் பக்கத்துப் பேச்சு, பணிவாகத்தான் சொன்னார்: "சார், ஒருத்தர்தான் நிக்கலாமுங்க. ரெண்டு கோச்சும் நிக்கக் கூடாது. யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க." விதி அப்படித்தான், ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்சியாளரோ துணையோ ஒருவர் மட்டும் நிற்கலாம், அதனால்தான் இத்தனை வருடமும் அவள் உட்கார்ந்தே ஆட்டம் பார்த்தாள். முழங்கால்கள் தாமாகவே மடங்கத் தொடங்கின. அவளுக்கே வேடிக்கையாக இருந்தது, யார் சொன்னார்கள் இவற்றை மடங்கச் சொல்லி, நாய்க்குட்டி மாதிரி. நிமிர்த்தினாள். உட்காரவில்லை. நடுவரைப் பார்க்காமல், சாரைப் பார்க்காமல், ஒன்பதாம் எண்ணைப் பார்த்தபடி நின்றாள். கேலரியில் யாரோ சிரித்தார்கள், யாரோ பந்தைத் தரையில் தட்டினார்கள், மிளகாய் நெடி வந்து போனது. பின்னால் மறுபடி நாற்காலி கிறீச்சிட்டது. சார் உட்கார்ந்துவிட்டார். ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாரா, வாதாட வாயில்லாமல் உட்கார்ந்தாரா, திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், அவர் முகம் மறைக்கத் தெரியாத முகம். அவள் திரும்பவில்லை. "ஜெனி, கேட்டுச்சுல்ல" என்றாள், இந்தத் தடவை கத்தக்கூட இல்லை. ஜெனிட்டா தலையை ஆட்டிவிட்டு ஒன்பதாம் எண்ணின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் அவள் நினைத்தபடி நடந்தது. நினைத்தபடி நடப்பது இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்பதாம் எண்ணுக்குப் பந்து போகவில்லை, போனாலும் ஜெனிட்டா அவள் மூச்சுக்குள் நின்றாள், அந்தப் பெண்ணுக்கு நிதானம் போயிற்று, ஒன்று வளையத்தில் பட்டு வெளியே, ஒன்று வளையத்தைக்கூடத் தொடவில்லை. பத்து எட்டாகி, ஆறாகி, ஜெனிட்டா ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டு ஐந்தாகி, அடுத்து ஒரு மூன்று விழுந்து இரண்டாயிற்று. நிஷா கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு பாதத்தால் பதினான்காம் எண்ணை மறித்தாள், அப்படித்தான், அப்படித்தான் என் செல்லம், எட்டு மாதக் காலை அப்படியே தரையில் தெரிகிறது, அதை உலகத்தில் அவளும் நானுமாக இரண்டு பேர்தான் பார்க்கிறோம். பின்னால் மோதிரம் தட்டவில்லை. சார் நினைத்தால் டைம் அவுட் கேட்கலாம், அதற்கு வாய் வேண்டாம், இரண்டு கையால் காட்டினால் போதும், ஸ்கோர் எழுதுகிறவர்கள் மேசை பக்கத்தில்தான் இருக்கிறது. நினைத்தால் நிஷாவை விரல் நீட்டிக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று யோசிக்கத் தொடங்கினால் அதிலேயே மாட்டிக்கொள்வோம், வேண்டாம், பிறகு. சிஸ்டர் எவாஞ்சலின் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார், முன்னால் சாய்ந்திருக்கிறார், அவருக்கு எது ஜோன் எது மேன் என்று தெரியுமோ என்னவோ, நடுவர் வந்து பேசியதும் யார் உட்கார்ந்தார் என்பதும் தெரிந்திருக்கும். பட்டியாலா ஆள் எப்படி இருப்பார், கழுத்தில் இரண்டு விசில் தொங்கும், பெண்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். நிஷாவின் பாதம் பற்றி அவரிடம் யார் சொல்வார்கள். சரி, நான்தான் சொல்வேன், நாற்காலி கிடைக்காவிட்டாலும் நான் எங்கே போகப் போகிறேன், இளஞ்செழியனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போல்ட் நட்டு எண்ணவா. போகலாம், வேறு கல்லூரி இல்லையா என்ன. இந்த நினைப்பு இதற்கு முன்னால் வந்தபோதெல்லாம் உடனே விரட்டிவிடுவாள், இன்று வந்தது, இருந்தது, எழுந்து போயிற்று. அப்போது பதினான்காம் எண் தோளை இடித்துக்கொண்டு திரும்பினாள், நிஷாவின் பாதம் சரியான இடத்தில்தான் இருந்தது, கை, வேண்டாம், கை வேண்டாம், வலது கை மட்டும் ஒரு சாண் எழுந்து அந்தப் பெண்ணின் முழங்கையில் பட்டது. விசில். நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். நிஷா அங்கேயே நின்று தன் கையைப் பார்த்தாள், அது யாருடைய கை என்பது போல. பொற்கொடிக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டது. சார் பயந்தது நடந்துவிட்டது. அவர் எதைத் தடுக்க உள்ளங்கையை விரித்தாரோ அது அப்படியே, எழுதி வைத்தது போல நடந்துவிட்டது. வெளியே வந்த நிஷாவின் தலையில் கையை வைத்து, "நல்லா ஆடுன. உக்காரு" என்றாள். அந்தப் பெண், "சாரி மேம், கை தானாப் போயிருச்சு" என்று சொல்லி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டது. வாசுகி உள்ளே போனாள், ஒரு தலை உயரம் கம்மி, பயந்த கண்.

இப்போதாவது திரும்பிப் பார்க்கலாமா. இப்போது பார்த்தால் உதவி கேட்பதுபோல ஆகிவிடும், உதவி கேட்பது தப்பில்லை, ஆனால் எனக்கு என்ன செய்வதென்று தெரியுமே. அதுதான் ஆச்சரியம், காதடைப்பு விலகியதும் எல்லாம் மறுபடி துல்லியமாகத் தெரிந்தது, பயம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது, தலை அதன் வேலையைச் செய்தது. இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார்கள், நாலு. வாசுகியின் தலைக்கு மேலேயே பதினான்காம் எண் ஒன்று போட்டாள், ஆறு, கேலரியில் கோயம்புத்தூர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஜோனுக்குத் திரும்பலாம், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், சிஸ்டரும் சாரும், நடுவர்கூட. "மேன்தான். வாசுகி, முன்னால போயி நில்லு, பந்து அவ கைக்கே வரக் கூடாது" என்றாள். வாசுகி குட்டை, ஆனால் குறுகுறுவென்று ஓடுவாள், பின்னால் நின்று மறித்தால் ஆகாது, முன்னால் நின்று பந்தைத் தடுத்தால் ஆகும். ஆயிற்று. நீண்ட பாஸ் ஒன்று வாசுகியின் விரல் நுனியில் தட்டி எங்கோ போக, ஜெனிட்டா எடுத்துக்கொண்டு போய் கோட்டுக்கு வெளியிலிருந்தே போட்டாள், மூன்று. அடுத்த முறை ஒன்பதாம் எண்ணின் கையிலிருந்தே பந்தைப் பறித்து, தனியாக ஓடி, இரண்டு. ஒன்று. ஒரே ஒரு புள்ளி. கடைசிச் சில விநாடிகளில் அவர்கள் மறுபடி தப்பவிட, வாசுகி, அந்த வாசுகி, பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே விழுந்து எழுந்து ஜெனிட்டாவிடம் தள்ளினாள். பொற்கொடி ஒன்றும் கத்தவில்லை, இனி கத்த என்ன இருக்கிறது, கத்தினால் அந்தப் பெண்ணின் கை நடுங்கும். ஜெனிட்டா இரண்டு தடவை தட்டி, வலதுபக்கம் போவதுபோல் போய், இடதுபக்கம் திரும்பி, ஒரு நல்ல இடத்தில், அவள் தினமும் போடுகிற இடத்தில் நின்று குதித்தாள். பந்து அவள் கையை விட்டுப் போகும்போதே பொற்கொடிக்குத் தெரிந்துவிட்டது, நல்ல ஷாட் என்று தெரிந்தது, போகாது என்றும் தெரிந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். வளையத்தில் விழுந்து, சுற்றி, உள்விளிம்பில் ஒரு கணம் தங்கி, வெளியே வந்தது. ஹாரன் அடித்தது. நீலச் சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. நம் பெண்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள், சிமெண்ட் தரையில், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு. தோற்றோம் என்று நினைத்தாள், பிறகு அதைத் திருத்தினாள், தோற்றேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், தோற்றேன். பதினோரு வருடத்தில் அவள் எத்தனையோ தோல்விகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் சாருடையவை, வேனில் வரும்போது அவர் முன் சீட்டில் அவற்றைத் தனியாக வைத்துக்கொண்டு வருவார், அவள் பின்னால் பெண்களுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு வருவாள். ஜெயித்தவையும் சாருடையவைதான். இது ஒன்று மட்டும் அவளுடையது. கனமாக இருந்தது, வலித்தது, ஆனால் கையில் பிடித்துப் பார்க்கும்போது அதில் எங்கேயும் பொய் இல்லை, ஒன்பதாம் எண்ணை நிறுத்தியது, நிஷாவை இழந்தது, வாசுகியை முன்னால் போட்டது, எல்லாம் அவள் தெரிந்தே செய்தது. வேறு யாருக்காவது கொடு என்று கேட்டால் கொடுக்க மாட்டாள்.

எதிரணியோடு கை குலுக்கிவிட்டுத் திரும்பும்போது சிஸ்டர் எவாஞ்சலின் கேலரியிலிருந்து இறங்கி பெஞ்சுப் பக்கம் வந்துவிட்டிருந்தார். சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், முகத்தில் கோபம் இருந்தது, களைப்பும் இருந்தது, மறைக்கத் தெரியாத முகம். "நல்லாத்தான் ஆடுனாங்க. அந்த நெட்டப் பொண்ண எதுக்கு வெளிய போற மாதிரி விட்டீங்க? நடுவுல ஏதோ மாத்துனீங்கல்ல, அதனாலதானே?" என்று சிஸ்டர் பொதுவாகக் கேட்டார், இரண்டு பேரையும் பார்த்து. கேட்டது சரியான கேள்வி என்று பொற்கொடிக்கு மதிப்பு வந்தது. சார் உடனே உள்ளங்கையைத் தன் நெஞ்சின் மேல் வைத்தார். நான், என்று இரண்டு தடவை தட்டினார், நான்தான். அப்படித்தான் செய்வார், தோற்ற அன்று யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை, கோபத்தோடேயே எடுத்துக்கொள்வார், நல்ல மனுஷன். ஆனால் அது அவருடையதில்லை. "இல்ல சிஸ்டர், சார் ஜோன்னுதான் காட்டுனாரு. மேன்னு கத்துனது நான்" என்றாள். சார் தலையை ஆட்டினார், மறுபடி நெஞ்சைத் தட்டினார், கையால் அவளை நகரச் சொன்னார், ஆனால் இன்று அவரால் மறுத்துப் பேச முடியாது, பேசுகிற வேலை அவளிடம் இருக்கிறது. சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அவர் காட்டுனது உங்களுக்குப் புரியலையா?" என்றார். "புரிஞ்சுச்சு சிஸ்டர்." "புரிஞ்சும் மாத்திச் சொன்னீங்களா?" "ஆமா. அந்த நைன்த் நம்பர அப்பவே நிப்பாட்டலன்னா இருபது பாயிண்டுல தோத்திருப்போம். நிஷா வெளிய போகலாம்னு தெரிஞ்சுதான் செஞ்சேன்." சிஸ்டர் கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மறுபடியும் இதே மாதிரி ஒரு நெலம வந்தா?" "மேன்தான் சிஸ்டர். நிஷாவோட வலது கைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு, அத பாத்துக்கறேன்." சாரின் நெஞ்சிலிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. சிஸ்டர் அவரைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. "திங்கக்கெழம காலையில ஆபீசுக்கு வாங்க. அவரோட வேணாம், நீங்க மட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போனார். நல்லதற்கா கெட்டதற்கா என்று அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், இரவு முழுக்கப் பார்க்கலாம், பழைய பொற்கொடி பார்த்திருப்பாள். இவளுக்கு நிஷாவின் வலது கைதான் கண்ணில் நின்றது, முழங்கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டுப் பழக்கினால் என்ன, நாளைக்கே தொடங்கலாம், இல்லை, நாளை ஞாயிறு, தூங்கட்டும். சார் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார், ஒரு நீண்ட பார்வை, கோபம் இன்னும் போகவில்லை, அதை அவர் வைத்துக்கொள்ளட்டும், வைத்துக்கொள்ள உரிமை உண்டு. பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெஞ்சைச் சுற்றி அரைவட்டமாக வந்து நின்றார்கள், தோற்ற பிறகு கிடைக்கும் பேச்சுக்காக, தலையைக் குனிந்து, பழக்கப்படி சாரின் முகத்தைப் பார்த்தபடி. ஜெனிட்டாவின் கண் வீங்கியிருந்தது. "சார் என்ன சொல்றாரு மேம்?" என்று கேட்டாள். பொற்கொடி சாரைப் பார்த்தாள். அவர் கைகள் மடியில் இருந்தன, விரல் ஒன்றும் அசையவில்லை.

"சார் ஒண்ணும் சொல்லல" என்றாள். "நான் சொல்றேன். எல்லாரும் இங்கிட்டுப் பாருங்க."